துணிப்பைக்குள் இனிப்பாகும் தானியம்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுப் பின் விறாந்தையின் பனை வளையில், ஒரு காலத்தில் கிணற்றில் கிடந்த இரும்புக் கப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அதற்கு நேர் கீழே கல் அடுப்பும், அடுப்பின்மேல் ஓர் அலுமினியக் கிடாரமும் இருக்கின்றன. கயிற்றை இழுத்தால் கிடாரத்துக்குள்ளிருந்து ஈரத் துணிப்பை ஒன்று மெல்ல எழுந்து வரும். அதன் அடியிலிருந்து செந்நிறச் சாறு முதலில் தாரையாகவும், சிறிது நேரத்தில் நூலாகவும், கடைசியில் சொட்டுச் சொட்டாகவும் வடியும். பைக்குள் இருப்பது முளைக்கவைத்துக் காயவைத்த குரக்கன் (கேழ்வரகு). ஒரு கரண்டி சீனிகூடச் சேர்க்காத அந்தச் சாறு பனங்கட்டி கரைத்த தண்ணீரைப் போல இனிக்கிறது. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை என் கையால் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மெல்பேர்ணில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு, அம்மாவைத் தனியே விட முடியாத நிலை வந்தபோது ஊருக்குத் திரும்பினேன். அங்கே இருந்த காலத்தில் வீட்டில் பியர் வடிப்பது எனது விருப்பத் தொழிலாக இருந்தது. அவுஸ்திரேலியாவில் தன் வீட்டுத் தேவைக்காகப் பியர் வடிப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. இலங்கையில் அப்படியல்ல. 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மதுசாரம் உண்டாக்குவது குற்றம். ஆகவே இங்கே நான் மதுவம் (ஈஸ்ட்) சேர்க்கும் படிக்கு முந்திய படியிலேயே நிறுத்திக்கொள்கிறேன். கோண்டாவில் கிடாரத்தில் உண்டாவது மால்ட்டின், அதாவது முளைக்கவைத்துக் காயவைத்த தானியத்தின், நொதிக்காத சாறு மட்டுமே. ஆனால் தானியத்திலிருந்து பியர் வடிக்கும் ஒருவருடைய திறமை முழுவதும் அந்தச் சாற்றை எடுப்பதில்தான் இருக்கிறது என்பது எனது உறுதியான எண்ணம். அதற்குப் பின் வேலை செய்வது மதுவம். நாம் அதைச் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருந்தால் போதும்.

மெல்பேர்ணில் நானும் எல்லோரையும் போலத் தகரத்திலிருந்துதான் தொடங்கினேன். 1.7 கிலோ தகரம் ஒன்றுக்குள் கரும்பழுப்பு நிறத்தில், பாணியைப் போலத் தடித்த மால்ட் பாகு இருக்கும். அதனுடன் ஒரு கிலோ சீனியைச் சேர்த்துக் கொதிநீரில் கரைத்து, 23 லீற்றர் ஆகும்வரை தண்ணீர் விட்டு, மூடியின் கீழே வரும் மதுவப் பொதியைத் தூவினால் இரண்டு வாரத்தில் பியர் கிடைத்துவிடும். குடிக்கத்தக்க பியர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தகரத்தை வாங்கினாலும், எந்த வகை என்று லேபலில் எழுதியிருந்தாலும், எல்லாவற்றின் அடியிலும் ஒரே சுவை இருந்தது. காய்ச்சிக் காய்ச்சி அடிப்பிடித்த பாணியின் சுவை என்று அதை நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். கடையில் நீண்ட காலம் இருந்த பாகில் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். நான் செய்துகொண்டிருந்தது சமையல் அல்ல, கரைத்தல் மட்டுமே என்ற எண்ணம் மூன்றாவது வருடத்தில் மனத்தை உறுத்தத் தொடங்கியது.

தானியத்துக்கு மாறவேண்டும் என்று நினைத்தபோது பயமுறுத்தியது பாத்திரங்கள்தான். பழைய முறைப்படி மூன்று பாத்திரங்கள் வேண்டும்: சுடுநீருக்கு ஒன்று, தானியத்தை ஊறவைக்க அடியில் வடிதட்டுப் பொருத்திய ஒன்று, சாற்றைக் கொதிக்கவைக்க ஒன்று. ஊறிய தானியத்தின்மேல் மெல்லச் சுடுநீர் தெளித்து மிச்ச இனிப்பைக் கழுவி எடுக்கவேண்டும். குழாய்கள், திருகுகள், சில வீடுகளில் பம்பிகள். இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் இதற்கெல்லாம் இடம் ஏது? இந்த நிலையில்தான் பை முறை கைகொடுத்தது. 2000களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலிய வீட்டு வடிப்பாளர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை அது. ஒரே பாத்திரம் போதும். அதற்குள் திரைச்சீலைக்குப் பயன்படும் பொலியெஸ்டர் வொயில் துணியில் தைத்த பெரிய பையை விரித்து, முழுத் தண்ணீரையும் முதலிலேயே சூடாக்கி, உடைத்த மால்ட்டைப் பைக்குள் கொட்டி, ஒரு மணித்தியாலம் கழித்துப் பையைத் தூக்கிவிட்டால் பாத்திரத்தில் மிஞ்சுவது சாறு. அதே பாத்திரத்தில் அப்படியே கொதிக்கவைக்கலாம். கழுவல் இல்லை, குழாய் இல்லை.

இதைச் சோம்பேறிகளின் முறை என்று சொன்னவர்களும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பழைய முறையில் பார்லியின் உமியே வடிகட்டியாக இருக்கிறது. உமி நொறுங்கினால் சாறு அடைத்துக்கொள்ளும் என்பதால் மால்ட்டைப் பெருவெட்டாகத்தான் உடைக்கவேண்டும். பை முறையில் துணியே வடிகட்டி என்பதால் இன்னும் நுணுக்கமாக உடைக்கலாம். அதனால் மாப்பொருள் விரைவில் வெளிவருகிறது. கழுவாமல் விடுவதால் இழக்கும் இனிப்பின் பெரும்பகுதி இந்த நுணுக்கமான உடைப்பில் திரும்பக் கிடைத்துவிடும்.

எனது கணக்கு இப்படி இருந்தது. 5 கிலோ மால்ட், 32 லீற்றர் தண்ணீர். தண்ணீரை 69 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டிக் கட்டியில்லாமல் துழாவினால், குளிர்ந்த தானியம் சூட்டை இழுத்துக்கொண்டு 66 பாகையில் நிலைக்கும். பையைத் தூக்கும்போது தானியம் மூன்று நான்கு லீற்றரைத் தன்னுடன் கொண்டுபோகும். ஒரு மணித்தியாலக் கொதிப்பில் இன்னும் நான்கு லீற்றர் ஆவியாகும். அடியில் தங்கும் மண்டியையும் விட்டால் 21 லீற்றர் தெளிந்த சாறு கையில் வரும். சாற்றில் கரைந்த சர்க்கரையை அதன் அடர்த்தியால் காட்டும் ஹைட்ரோமீற்றர் (வெறும் தண்ணீரில் 1.000) 1.045 அளவில் நிற்கும். முதல் நாள் அந்த எண்ணைக் கண்டபோது நான் அடைந்த சந்தோசம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு தகரமும் திறக்கவில்லை, ஒரு பிடி சீனியும் போடவில்லை. கடித்தால் பல்லில் மாவாக உடையும் ஒரு தானியம் ஒரு மணித்தியாலத்தில் சர்க்கரையாகியிருந்தது.

பை முறையில் பாத்திரத்தை விட, பையை விட, வெப்பமானிதான் முக்கியம். பார்லி முளைக்கும்போது தன் குருத்துக்கு உணவூட்டுவதற்காகத் தன்னுள் சேமித்த மாப்பொருளை அறுக்கும் நொதியங்களை ஆயத்தப்படுத்துகிறது. முளைத்ததும் நாம் அதைக் காயவைத்து அந்த வேலையை இடையில் நிறுத்திவிடுகிறோம். அதுவே மால்ட். மீண்டும் வெந்நீரில் இட்டால் நிறுத்திய இடத்திலிருந்து வேலை தொடங்குகிறது. நொதியங்களில் முக்கியமானவை இரண்டு. மாப்பொருளை நீண்ட மணிமாலையாக எண்ணிக்கொண்டால், அல்பா அமைலேசு மாலையை நடுவில் கண்ட இடத்திலெல்லாம் அறுக்கும். பீற்றா அமைலேசு நுனியிலிருந்து இரண்டிரண்டு மணிகளாகக் கழற்றும். பீற்றாவுக்கு 60 முதல் 65 பாகை வரை உவப்பு. அதற்கு மேல் அது விரைவில் அழிந்துவிடும். அல்பா 70 பாகையைக் கடந்தும் தாக்குப்பிடிக்கும். ஆகவே 63 பாகையில் ஊறவைத்தால் மதுவம் முழுவதையும் உண்டு தீர்க்கும் சர்க்கரை கிடைத்து, பியர் மெலிந்து வரும். 69 பாகையில் ஊறவைத்தால் மதுவத்தால் உண்ண முடியாத நீண்ட துண்டுகள் மிஞ்சி, பியருக்கு உடம்பு வைக்கும். ஆறு பாகை வித்தியாசத்தில் இரண்டு வேறு பானங்கள். தகரத்தில் இந்தத் தெரிவை வேறு யாரோ எனக்காக முன்னரே செய்துவிட்டிருந்தார்கள்.

பை முறைக்கு மாறிய முதல் வருடத்தில் ஒரு பெரும் தவறு நடந்தது. மெல்பேர்ண் யூலை மாதக் குளிரில், வெளிக்கொட்டகையில் வைத்திருந்த பாத்திரத்தின் சூடு அரை மணித்தியாலத்தில் 61 பாகைக்கு இறங்கிவிட்டது. பை உள்ளே இருக்கும்போதே அடுப்பை முழு வேகத்தில் எரியவிட்டேன். ஊறிய தானியத்தின் பாரத்தில் பை அடித்தகட்டில் ஒட்டிக் கிடந்தது; பொலியெஸ்டர் உருகி, தானியம் கருகி, அத்தனை சாற்றிலும் தீய்ந்த மணம் ஏறிவிட்டது. அதை ஊற்றும்போது மனம் மிகவும் வலித்தது. பிறகு ஒரு பழைய கம்பளியாலும் நித்திரைப் பையாலும் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டினேன். சூடேற்ற வேண்டிய நாட்களில் அடியில் கம்பித்தட்டு ஒன்றை வைத்துப் பையைத் தூக்கிப் பிடித்தேன். இன்று கோண்டாவிலில் அந்தக் கம்பித்தட்டின் இடத்தில் ஈர்க்கில் பின்னிய பழைய இடியப்பத் தட்டுகள் மூன்று கவிழ்ந்து கிடக்கின்றன. அவை கம்பித்தட்டை விட நன்றாக வேலை செய்கின்றன.

பையைப் பிழியலாமா கூடாதா என்று ஒரு வாதம் எப்போதும் உண்டு. பிழிந்தால் உமியின் கயர்ப்பு இறங்கிவிடும் என்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் பிழிந்திருக்கிறேன், கயர்ப்பு வந்ததில்லை. கயர்ப்பை இறக்குவது கையின் அழுத்தமல்ல, மிகையான சூடும் காரத்தன்மை கூடிய நீரும்தான். பிழியாமல் விட்டால் இரண்டு லீற்றர் நல்ல சாறு வீணாகும்.

ஊருக்கு வந்த புதிதில் இந்தக் கலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றே நினைத்தேன். எங்கள் மண்ணின் பானம் பனையிலிருந்து வருவது. பாளையைச் சீவி முட்டி கட்டினால் மரமே சர்க்கரையைச் சாறாகத் தருகிறது. மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் வேலை நமக்கு இல்லை. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காத கருப்பணி. பூசாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் அங்கேயே வேலையைத் தொடங்கி, மரத்திலிருந்து இறக்கும்போதே கள்ளாகியிருக்கும். சீவல் தொழிலாளியின் முழுக் கவனமும் பாளையிலும் முட்டியின் சுத்தத்திலும் இருக்கிறது. வெப்பமானிக்கு அங்கே வேலை இல்லை. தானியத்தில் பியர் வடிக்கும் நாடுகளோ, குடிப்பதற்கு முன் சர்க்கரையை உண்டாக்கியாகவேண்டிய நாடுகள். ஒரு பிளாவில் கருப்பணியைக் குடித்தபடி இதை யோசித்தபோது, கள் இறக்கும் ஊரில் வளர்ந்த எனக்கு மால்ட் ஏன் அவ்வளவு புதுமையாகத் தெரிந்தது என்பது விளங்கியது.

ஆனால் தொடர்பு இல்லை என்று நான் நினைத்தது தவறு. அம்மா குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் என்று செய்து தகரப் பேணியில் வைக்கும் குரக்கன் மா, முளைக்கவைத்த குரக்கனில் செய்தது. குரக்கனைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, வெண்முளை தலைகாட்டியதும் பாயில் பரப்பிக் காயவைப்பார். பார்லி மால்ட் செய்யும் ஆலையில் நடப்பதும் இதுவே. அவரும் துணியில்தான் கட்டுகிறார் என்பதை நான் கவனிக்க இவ்வளவு காலம் ஆயிற்று. எங்கள் கடைகளில் கிடைக்கும் பார்லி தோல் தீட்டியது, அது முளைக்காது. மால்ட் பார்லியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நான் விரும்பவில்லை. சிறுதானியங்களுக்குள் முளைத்த குரக்கனின் நொதிய வலிமை நல்லது என்பதை அறிந்திருந்தேன். வன்னியிலிருந்து வந்த குரக்கன் 2 கிலோவை அம்மாவின் முறைப்படியே முளைக்கவைத்தோம். எங்கள் வெக்கையில் இரண்டரை நாளே போதுமாக இருந்தது.

முதல் முயற்சி தோற்றது. நான் வெளியே போயிருந்த நேரத்தில், காய்ந்த முளைக் குரக்கனை அம்மா தாச்சியில் இட்டுப் பொன்னிறமாக வறுத்து மில்லுக்கு அனுப்பிவிட்டார். வீடு முழுக்க அருமையான வாசம். "வறுக்காமல் அரைச்சால் பச்சை மணம் எல்லே அடிக்கும், தம்பி" என்றார். கூழுக்கு அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் தாச்சிச் சூட்டில் நொதியங்கள் அனைத்தும் அழிந்துவிட்டன. 66 பாகையில் இரண்டு மணித்தியாலம் ஊறவைத்தும் சாறு இனிக்கவில்லை. வெள்ளைக் கோப்பைத் தட்டில் ஒரு துளி சாற்றை விட்டு, அதன் பக்கத்தில் ஒரு துளி அயடீன் வைத்துக் கலந்தேன். கலந்த இடத்திலேயே கருநீலம். மாப்பொருள் முழுவதும் மாப்பொருளாகவே கிடந்தது. இந்தச் சோதனையை நான் அம்மாவுக்குக் காட்டினேன். அவர் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப வெயிலிலை மட்டும் காயவிடுவம், வாசத்துக்கு ஒரு பிடி வறுத்துச் சேர்ப்பம்" என்றார். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் கரும்பியர் வடிப்பவர்கள் செய்வது சரியாக இதுதான்: பெரும்பங்கு வெளிறிய மால்ட், சிறு பங்கு வறுத்தது. அன்றிலிருந்து பத்தில் ஒன்பது பங்கு வெயிலில் காய்ந்தது, ஒரு பங்கு அம்மா வறுத்தது.

இரண்டாவது முயற்சியில் இனிப்பு வந்தது, ஆனால் குறைவாக. காரணத்தை யோசித்தபோது பார்லிக்கும் குரக்கனுக்கும் உள்ள பெரிய வேற்றுமை தெரிந்தது. நொதியம் அறுக்கவேண்டுமென்றால் முதலில் மாப்பொருள் வெந்து இளகியிருக்கவேண்டும். பார்லியின் மாப்பொருள் ஏறத்தாழ 60 முதல் 65 பாகையில் இளகிவிடும். நொதியங்கள் உயிரோடிருக்கும் சூட்டிலேயே அது நடந்துவிடுவதும் பார்லி உலகெங்கும் பியர்த் தானியமானதற்கு ஒரு காரணம். குரக்கன் இளகுவதற்கு அதைவிடக் கூடிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பீற்றா அமைலேசு நிலைக்காது. தானியத்தை வேகவைத்தால் நொதியம் சாகும். நொதியத்தைக் காத்தால் தானியம் வேகாது.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. நொதியங்கள் தண்ணீரில் கரைபவை என்பதைப் பயன்படுத்தும் வழி. மால்ட்டை ரவைபோலக் கொறகொறப்பாக அரைப்பித்து, 7 லீற்றர் வெதுவெதுப்பான நீரில் கலந்து முக்கால் மணித்தியாலம் அசையாமல் விடுகிறேன். மா அடியில் படிய, மேலே தெளிவு நிற்கும். அந்தத் தெளிவில் 3 லீற்றரை அகப்பையால் மெல்ல மொண்டு வேறு சருவத்தில் எடுத்து வைக்கிறேன். பார்வைக்கு வெறும் அழுக்குத் தண்ணீர்போல இருக்கும். ஆனால் வேலைக்காரர் அனைவரும் அதற்குள் இருக்கிறார்கள். அடியில் மிஞ்சியதைக் கிடாரத்தில் கொதிக்கவைத்து, துடுப்பை நிறுத்தாமல் இருபது நிமிடம் துழாவுகிறேன். அது கூழாகத் தடித்து, குமிழி வெடித்து, கையில் தெறிக்கும். பை இன்னும் உள்ளே போகவில்லை. போட்டிருந்தால் மெல்பேர்ண் கதை மறுபடி நடந்திருக்கும். பிறகு அடுப்பை அணைத்து, பச்சைத் தண்ணீர் விட்டு 72 பாகைக்கு இறக்கி, இடியப்பத் தட்டுகள் மேல் பையை விரித்த மற்றக் கிடாரத்துக்குள் கூழை மாற்றி, எடுத்து வைத்த தெளிவை அதன்மேல் ஊற்றுகிறேன். வெப்பமானி 65ஐ ஒட்டி நிற்கும்.

அடுத்து நடப்பதை நான் எத்தனை முறை பார்த்தாலும் வியக்கிறேன். துடுப்பு நட்டால் நிற்கும் கூழ் பத்து நிமிடத்தில் தளர்கிறது. இருபது நிமிடத்தில் துடுப்பு தடையில்லாமல் சுற்றுகிறது. அரை மணித்தியாலத்தில் அது கூழே அல்ல, மோர் போன்ற நீர். நாவில் வைத்தால் இனிப்பு ஏறிக்கொண்டே போகிறது. அம்மா கரண்டியைச் சரித்து அது ஒழுகும் விதத்தைப் பார்த்து, "கரைஞ்சு போட்டுதே!" என்றார். ஒரு மணித்தியாலம் கழித்து அயடீன் துளி அதன் சொந்தப் பழுப்பு நிறத்திலேயே நின்றது. சூட்டைக் காப்பதற்கு இங்கே பெரிய பாடில்லை. காண்டாவன வெயிலில் இரண்டு சாக்கைச் சுற்றிக் கட்டினால் ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு பாகைதான் இறங்குகிறது. வீட்டுப் பானத்துக்கு முழு இனிப்போடு சற்றுத் தடிப்பும் வேண்டியிருப்பதால், கடைசி அரை மணித்தியாலத்தில் 70 பாகைக்கு உயர்த்தி அல்பாவுக்கும் அதன் பங்கைக் கொடுக்கிறேன்.

மூன்றாவது தடை பையைத் தூக்கும்போது வந்தது. கப்பியை இழுத்தால் பை மேலே வந்தது, சாறு வரவில்லை. குரக்கனுக்குப் பார்லியைப் போல உமி கிடையாது. நுண்ணிய தவிடு துணிக்கண்களில் பசைபோல அப்பிக்கொண்டு, பை தண்ணீர் நிறைந்த பலூனைப்போலத் தொங்கியது. பிழிந்தபோது தையல் விட்டது. அன்று இரவு யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், மெல்பேர்ணில் கோதுமை மால்ட் சேர்க்கும் நாட்களில் அடைப்பு வராமலிருக்க நெல் உமியைச் சிறு பொதியாகக் காசு கொடுத்து வாங்கிய நினைவு வந்தது. மறுநாள் நெல் குற்றும் மில்லுக்குப் போனேன். மதில் உயரத்துக்கு உமி குவிந்து கிடந்தது. மில்காரப் பெரியவர், "உமியோ? சாக்கோடை கொண்டு போங்கோ தம்பி, உதுக்கு என்ன காசு" என்றார். 2 கிலோ மால்ட்டுக்கு 300 கிராம் உமியைப் பல தண்ணீரில் கழுவி, ஒருமுறை கொதிக்கவைத்து வடித்துப் பைக்குள் கலந்தேன். உமி குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்து சாற்றுக்கு வழி விட்டது. பை பதினைந்து நிமிடத்தில் வடிந்து முடிந்தது. அம்மா இரட்டைத் தையல் போட்டுத் தந்த புதிய பையும் இதுவரை விடவில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாழ்ப்பாணத்தில் இதைச் செய்பவருக்கு நான் பாதியைத்தான் சொன்னதாகும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர். கேத்திலின் உட்புறத்தில் ஏறும் வெள்ளைப் பொருக்கு எல்லா வீடுகளிலும் உண்டு. அந்தக் கடினநீரின் இருகாபனேற்று, மாஷின், அதாவது வெந்நீரில் ஊறும் தானியக் கலவையின், பீஎச்சை உயர்த்தும், நொதியங்களுக்கு 5.2 முதல் 5.6 வரை இருந்தால்தான் வசதி. செக் நாட்டுப் பிளசென் நகரின் மென்னீர் வெளிறிய பியருக்கும், டப்ளினின் காரநீர் கரும்பியருக்கும் பேர் பெற்றதற்கு இதுவே காரணம். வறுத்த தானியத்தின் புளிமம் காரத்தைச் சரிக்கட்டுகிறது. எங்கள் கிணறு டப்ளினின் பக்கம் நிற்கிறது. அம்மாவின் ஒரு பிடி வறுத்த குரக்கன் வாசத்தோடு இந்த வேலையையும் கொஞ்சம் செய்கிறது. ஆயினும் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்றும் கலந்திருப்பதால், காய்ச்சி வற்றவைக்கும் பானத்துக்குக் கிணற்று நீரை மட்டும் நம்ப நான் விரும்பவில்லை. நைத்திரேற்று கொதிக்கவைத்தாலும் போகாது. வற்ற வற்றச் செறியும். மாரியில் பிடித்து வைத்த மழைநீர் முக்கால் பங்கு. கிணற்று நீர், முதல் நாள் கொதிக்கவைத்துப் பொருக்கு அடைந்த பின் மேல்வாரியாக எடுத்தது, கால் பங்கு. பீஎச் தாள் இன்னும் உயர்வாகக் காட்டினால் பாதித் தேசிக்காயைப் பிழிகிறேன். தேசிக்காய் அவுஸ்திரேலியாவில் நான் வாங்கிய லக்றிக் அமிலக் குப்பியின் வேலையைக் குறையில்லாமல் செய்கிறது.

இப்போது 2 கிலோ குரக்கன் மால்ட்டில் 10 லீற்றர் சாறு, 1.036 அளவில் கிடைக்கிறது. பார்லியோடு ஒப்பிட்டால் குறைவுதான். பல மாத முயற்சிக்குப் பின் வந்த எண் என்பதால் அதை நான் மதிக்கிறேன். இஞ்சி தட்டிப் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியதும் குளிரூட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் குடித்துவிடுகிறோம். வெளியே வைத்தால் எங்கள் வெக்கையில் அடுத்த நாளே மூடி உப்பத் தொடங்கும். கருப்பணிக்குச் சுண்ணாம்பு செய்யும் காவலை இதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. மிஞ்சும் சக்கை பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகிறது.

போன சனிக்கிழமை குடிக்க ஆள் குறைவாக இருந்தபடியால் முழுச் சாற்றையும் அடுப்பிலேயே விட்டுக் காய்ச்சினோம். மூன்று மணித்தியாலத்துக்குப் பின் நான் வெப்பமானியை நீட்ட, அம்மா அதை ஒதுக்கிவிட்டுத் துடுப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். தீயைத் தணித்தார், துடுப்பிலிருந்து ஒழுகும் தாரையின் நீளத்தைப் பார்த்தார், ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினார். பனம் பாணி காய்ச்சிப் பழகிய கை அது. அவர் இறக்கச் சொன்ன நேரத்தில் இறக்கினேன். ஆறியபின் நிறுத்துப் பார்த்தால் 1 கிலோ 150 கிராம்: கரும்பழுப்பு நிறம், தடிப்பு, கரண்டியில் ஒட்டும் பசை, எல்லாம் மெல்பேர்ணில் நான் தகரத்தில் வாங்கிய அதே மால்ட் பாகு. அடிப்பிடித்த சுவை மட்டும் அதில் இல்லை. இரவு குழல் பிட்டுக்கு அதை ஊற்றிச் சாப்பிட்டோம். அம்மா மிச்சத்தைப் போத்தலில் விட்டு, மூடியை இறுக்கி, பனம் பாணிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அடுத்த முறைக்கு 3 கிலோ ஊறவிடு" என்றார்.